சீவினால் படியாத முடி: பெற்றோர் செய்ய வேண்டியவை

குழந்தையின் தலைமுடி வெளிறி, வைக்கோல் நிறமாகவோ வெள்ளி மினுக்கத்துடனோ எல்லாப் பக்கமும் குத்திட்டு நின்று, எத்தனை முறை வாரினாலும் படியவில்லை என்றால், வளர்ப்பில்தான் குறை என்று நொந்துகொள்ளாமல் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். 3 மாதம் முதல் 12 வயதுக்குள் தலைகாட்டும் 'சீவ இயலா முடி நோய்க்குறி' என்ற அரிய மரபணுக் குறைபாடாக அது இருக்கலாம். புருவமும் இமை முடியும் பெரும்பாலும் இயல்பாகவே இருக்கும்.

மருத்துவர் சில முடிகளை எடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பார். வட்டமாக இருக்க வேண்டிய முடியின் குறுக்குவெட்டு முக்கோணமாகவோ சிறுநீரக வடிவிலோ இருக்கும்; நெடுகிலும் ஒரு பள்ளம் ஓடும். தட்டையான அந்தப் பக்கங்களில் ஒளி பட்டுத் திரும்புவதால்தான் அந்த மினுக்கம். முடித்தண்டுக்கு உருவமும் உறுதியும் தருவது டிரைக்கோஹயலின் என்ற புரதம். அதை உருவாக்கும் மரபணுவிலோ, அதைப் பதப்படுத்திப் பிணைக்கும் நொதிகளுக்கான இரு மரபணுக்களிலோ பிழை இருந்தால் இந்நிலை வரும் என்பதை ஜெர்மனியின் பான் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016இல் வெளியிட்டனர்.

சிக்கு எடுப்பதில்தான் பொறுமை தேவை. குளிப்பாட்டியபின் கண்டிஷனர் தடவி, ஒரு கற்றையை வேர்ப்பக்கம் விரல்களால் இறுகப் பற்றிக்கொண்டு, அகன்ற பல் சீப்பால் நுனியிலிருந்து தொடங்கிச் சிறிது சிறிதாக மேலே வர வேண்டும். அப்படிப் பிடித்தால் இழுப்பு உச்சந்தலைக்குப் போகாது, குழந்தையும் அழாது. துண்டால் பரபரவென்று தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். இறுக்கமான பின்னல், சூடான நேராக்கும் கருவி, ரசாயன நேராக்கம் மூன்றையும் அறவே தவிர்ப்பது நல்லது. மொட்டை அடித்தால் நல்ல முடி வரும் என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லக்கூடும். முடியின் வடிவம் தோலுக்கு அடியில், வேர்ப்பையில் முடிவாவதால் அதனால் பயன் இல்லை. பயோட்டின் என்ற பி வகை வைட்டமின் மாத்திரையால் சிலருக்குப் பலன் கிடைத்ததாகத் தனித்தனிக் குறிப்புகள் உண்டு, உறுதியான சான்று இல்லை. மருத்துவரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம்.

நகம், பல், வியர்வை ஆகியவற்றிலும் மாறுபாடு தெரிந்தால் அதை மருத்துவரிடம் தவறாமல் சொல்லுங்கள்; அது வேறொரு நோய்க்குறியின் பகுதியாக இருக்கலாம். முடி மட்டும்தான் என்றால், பருவ வயதை எட்டும்போது பெரும்பாலும் தானாகவே படியத் தொடங்கும்.