கடைக்குத்தானே என்று கிளம்பும்போது: ஸ்னோமொபைலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கனடாவின் நூனவுட் பிரதேசத் தலைநகரான இக்காலுயிட்டுக்கு வெளியூரிலிருந்து சாலை கிடையாது. ஏழாயிரம் பேருக்குச் சற்று அதிகமாக வசிக்கும் ஊர். குளிர்காலத்தில் கடைக்கும் வேலைக்கும் பலர் ஸ்னோமொபைலில்தான் போகிறார்கள். முன்னால் ஸ்கீகளும் அடியில் ரப்பர் டிராக்கும் கொண்ட பனி வண்டி அது. நெடுந்தூரம் வேட்டைக்குப் போகிறவர் எல்லாவற்றையும் சரிபார்த்துவிட்டுத்தான் கிளம்புவார். பால் வாங்கப் போகிறவர்தான் அசட்டையாக இருப்பார்.

முதலில் உடை. ஜீன்ஸும் ஒரு ஜாக்கெட்டும் போதும் என்று ஏறி உட்காருவது. மைனஸ் 20 டிகிரியில், காற்றே அசையாத நாளிலும், 40 கிலோமீட்டர் வேகத்தில் போனால் முகத்தில் அறைவது மைனஸ் 34 டிகிரிக்கு இணையான குளிர். வண்டி பாதி வழியில் நின்றால் அதே உடையோடு நடக்க வேண்டும். கழுத்தில் தொங்கும் சால்வை வேண்டாம். அது எதிலாவது சிக்கும்.

ஸ்டார்ட் ஆன கையோடு வேகமெடுக்காதீர்கள். டூ-ஸ்ட்ரோக் எஞ்சினில் பிஸ்டன் சட்டென்று சூடேறி விரியும். குளிர்ந்த சிலிண்டர் அந்த வேகத்துக்கு விரியாது. விளைவு, பிஸ்டன் உள்ளேயே இறுகிக்கொள்ளும். சில நிமிடம் ஓடவிட்டு, மெதுவாகக் கிளம்புங்கள். அதற்காக அடைத்த கொட்டகைக்குள் ஓடவிடக் கூடாது. புகை ஆளைக் கொன்றுவிடும்.

நகரவே மறுத்தாலும் ஆக்ஸிலரேட்டரை அழுத்தாதீர்கள். நேற்று ஈரப் பனியில் நிறுத்தியிருந்தால் அடியில் ஓடும் ரப்பர் டிராக் தரையோடு உறைந்து ஒட்டியிருக்கும். அழுத்தினால் எஞ்சின் விசையை டிராக்குக்குக் கடத்தும் டிரைவ் பெல்ட்தான் கருகும். ஸ்கீகளை இடமும் வலமும் அசைத்து, பின்பக்கக் கம்பியைப் பிடித்து ஒருமுறை தூக்கிப் போட்டால் விடுபடும். இரவில் இரண்டு மரக்கட்டைமேல் நிறுத்துகிறவருக்கு இந்த வேலையே இல்லை.

ஊருக்குள் ஓட்டுகிறவர்கள் அதிகம் ஏமாறுவது எஞ்சின் சூட்டில். இவ்வளவு குளிரில் வண்டி சூடாகுமா என்று கேட்கலாம். ஆகும். திரவத்தால் எஞ்சினைக் குளிர்விக்கும் லிக்விட்-கூல்டு வண்டியில் அந்தத் திரவம் ஓடும் கூலர்கள் டிராக்குக்கு மேலே இருக்கின்றன. டிராக் வாரியடிக்கும் பனிதான் அவற்றைக் குளிர்விக்கிறது. பனி அகற்றி இறுகிப்போன தெருவில் வாரியடிக்க எதுவும் இல்லை. டிராக் வழுக்கி ஓடும் பிளாஸ்டிக் ஸ்லைடர்களுக்கும் பனியே மசகு. அது இல்லாமல் அவை உருகித் தேயும். காற்றால் எஞ்சினைக் குளிர்விக்கும் ஃபேன் கூலிங் வண்டிக்காரரும் இந்தத் தேய்மானத்திலிருந்து தப்ப முடியாது. தெருவோரம் புதுப்பனி கிடந்தால் அதன்மேல் ஓட்டுங்கள். ஐஸைச் சுரண்டித் தூள் கிளப்பும் ஸ்க்ராட்ச்சர் கம்பிகளையும் பொருத்தலாம். ஆனால் ரிவர்ஸ் எடுக்கும் முன் தூக்கி மாட்ட மறந்தால் பல மாடல்களில் வளைந்துவிடும்.

சாமான் கொண்டுவருவது தனிக் கதை. பின்னால் இழுத்துவரும் கமுத்திக் என்ற மரச் சறுக்குவண்டியில் பையை அப்படியே போட்டால் வீடு சேர்வதற்குள் வாழைப்பழம் கறுத்திருக்கும், முட்டை வெடித்திருக்கும். ஐஸ்பெட்டி ஒன்றைக் கட்டி வையுங்கள். இங்கே அதன் வேலை குளிரை வெளியே நிறுத்துவது. கமுத்திக்கைக் கயிற்றில் இழுத்தால் இறக்கத்தில் அது உங்கள் முதுகிலேயே வந்து மோதும். வேகத்தை முன்கூட்டியே குறையுங்கள்.

எஞ்சினை அணைக்கும் கில் ஸ்விட்ச்சின் கயிற்றை ஜாக்கெட்டில் மாட்டாமல் ஓட்டுவது எந்தத் தூரத்துக்கும் முட்டாள்தனம். நீங்கள் விழுந்தால் வண்டியும் நிற்க வேண்டும். டிசம்பரில் நாலைந்து மணிநேரம்தான் வெளிச்சம். ஒதுக்கிய பனிமேடுகளுக்குப் பின்னால் நடந்துவரும் பிள்ளை உங்கள் கண்ணில் படாது. தெருவைக் கடக்கும் இடத்தில் முழுக்க நிறுத்தி, பார்த்துவிட்டு நேராகக் கடங்கள்.

கடைசியாக, விரிகுடா மேல் குறுக்குவழி. ஊரை ஒட்டிய ஃப்ரோபிஷர் விரிகுடாவில் ஓதத்தால் கடல் 10 மீட்டருக்கும் மேல் ஏறி இறங்கும். அதனால் கரையோரப் பனிக்கட்டி தினமும் உடைந்து, குவிந்து, விரிசல் விடும். காலையில் போன இடம் மாலையில் அப்படியே இருக்காது. நன்னீர் ஏரிக்குச் சொல்லும் தடிமன் கணக்கும் இங்கே செல்லாது, உப்புநீர்ப் பனிக்கட்டி அதைவிட வலுக்குறைந்தது. ஊர்க்காரர்கள் இப்போது பயன்படுத்தும் தடம் தெரிந்தால் அதில் போங்கள், தெரியாவிட்டால் தெருவழியாகச் சுற்றிக்கொண்டே போங்கள்.