அடிக்கடி காயப்படும் ரன்னிங் பேக்கை எடுக்கலாமா? ஜே.கே. டாபின்ஸை வைத்து ஒரு கணக்கு

ஃபேண்டஸி ஃபுட்பாலுக்குப் புதிதாக வருபவர்கள் என்னிடம் அதிகம் கேட்பது இதுதான்: "பையன் பிரமாதமா ஓடுறான். ஆனா வருஷா வருஷம் அடிபட்டு உட்கார்ந்துடுறான். எடுக்கலாமா?" இதற்கு ஒரு தாளும் பேனாவும் அரை மணி நேரமும் போதும். இந்தப் பதிவில் ஜே.கே. டாபின்ஸ் என்ற ஒரே வீரரை வைத்துப் படிப்படியாகச் செய்து காட்டுகிறேன். இளம் வயதிலேயே இத்தனை பெரிய காயங்களைப் பார்த்தவர்கள் குறைவு. அத்தனைக்கும் பிறகு அவர் ஓடிய ஓட்டம் எனக்கு மிகவும் பிடிக்கும்.

அடிப்படையை மட்டும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். என்எஃப்எல், அதாவது அமெரிக்க ஃபுட்பால் லீக்கின் வீரர்களில் இருந்து உங்கள் அணியை நீங்களே தேர்ந்தெடுக்கிறீர்கள். உங்களோடு போட்டியிடும் நண்பர்கள் குழுதான் உங்கள் லீக். சுற்றுக்கு ஒரு வீரராக எல்லோரும் மாறி மாறி எடுப்பீர்கள். அதற்குப் பெயர் டிராஃப்ட். அந்த வாரம் அவர்கள் மைதானத்தில் செய்வதெல்லாம் உங்களுக்குப் புள்ளிகளாக வரும். ரன்னிங் பேக் என்பவர் பந்தைக் கையில் வாங்கிக்கொண்டு எதிரணிக் கூட்டத்துக்குள் புகுந்து ஓடுபவர். ஒவ்வொரு ஓட்டத்தின் முடிவிலும் நூறு கிலோவுக்கு மேல் எடையுள்ள இரண்டு மூன்று பேர் அவர் மேல் விழுவார்கள். இந்த இடத்தில் ஆடுபவர்களுக்குக் காயம் அதிகம் என்பதில் வியப்பில்லை.

படி 1: உங்கள் லீக்கின் புள்ளி முறையைப் பாருங்கள்

பெரும்பாலான லீக்குகளில் 10 யார்டுக்கு 1 புள்ளி, டச்டவுனுக்கு (பந்தோடு எதிரணியின் கோல் கோட்டைத் தாண்டுவதற்கு) 6. பிடிக்கும் ஒவ்வொரு பந்துக்கும் 1 புள்ளி தரும் முறைக்கு பிபிஆர் என்று பெயர். கீழே உள்ள கணக்கெல்லாம் அந்த முறையில்தான்.

படி 2: காயங்களைத் தேதியோடு எழுதுங்கள்

"காயப்படுகிற ஆள்" என்று முத்திரை குத்திவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். எந்த இடம், எப்போது, எப்படி என்று எழுதினால்தான் விஷயம் புரியும். டாபின்ஸின் பட்டியல் இப்படி:

2021 ஆகஸ்ட் 28: சீசன் தொடங்கும் முன் நடந்த கடைசிப் பயிற்சி ஆட்டத்தில் முட்டி ஜவ்வு கிழிந்தது. ஏசிஎல். அந்த ஆண்டு முழுக்கப் போனது.
2022 அக்டோபர்: அதே முட்டியைச் சுத்தம் செய்ய மறுபடி ஒரு சிறு அறுவை சிகிச்சை.
2023 செப்டம்பர் 10: முதல் ஆட்டத்திலேயே குதிகாலுக்கு மேலே இருக்கும் அக்கிலிஸ் அறுந்தது.
2024 நவம்பர்: முட்டியின் பக்கவாட்டு ஜவ்வில் சுளுக்கு. 4 ஆட்டங்கள் போயின.

இப்போது ஒவ்வொன்றையும் தனியாகப் பாருங்கள். 2022-இல் நடந்தது புதுக் காயம் அல்ல, 2021-இன் வால். அக்கிலிஸ் வேறு இடம், வேறு காரணம். அடுத்தடுத்து வந்துவிட்டதால் ஒரே நோய் போலத் தெரிகிறது. பின்தொடைத் தசை, அதாவது ஹேம்ஸ்டிரிங், கதையே வேறு. அது ஒருமுறை கிழிந்தால் திரும்பக் கிழியும் வாய்ப்பு உண்மையிலேயே அதிகம். கிரிக்கெட் பார்ப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பட்டியலில் ஹேம்ஸ்டிரிங் இரண்டு மூன்று முறை வந்தால் நான் தயங்குவேன். ஒரே ஒரு ஏசிஎல் என்றால் அவ்வளவு தயங்க மாட்டேன். பிரீஸ் ஹால் என்ற ரன்னிங் பேக் 2022 அக்டோபரில் ஏசிஎல் கிழிந்து படுத்தவர். 2023-இல் 17 ஆட்டங்களும் ஆடி 76 பந்துகளைப் பிடித்தார்.

படி 3: ஆடும்போது எவ்வளவு வேலை கிடைக்கிறது?

2020-இல் ரேவன்ஸ் அணியில் டாபின்ஸ் 15 ஆட்டங்களில் 134 முறை ஓடி 805 யார்டு எடுத்தார்; 9 டச்டவுன். ஒரு ஓட்டத்துக்கு 6 யார்டு என்பது அபாரம். ஆனால் ஆட்டத்துக்கு 9 ஓட்டம்தான், ஆண்டு முழுக்கப் பிடித்தது 18 பந்துதான். அங்கே பந்தை எறிய வேண்டிய குவாட்டர்பேக் லமார் ஜாக்சனே ஓடிவிடுவார். 2024-இல் சார்ஜர்ஸ் அணிக்குப் போனதும் 13 ஆட்டங்களில் 195 ஓட்டம், ஆட்டத்துக்குச் சரியாக 15. அங்கே தாக்குதலை வகுத்தவர் கிரெக் ரோமன். ரேவன்ஸிலும் அவர்தான் அந்த வேலையைச் செய்தார், டாபின்ஸை அறிந்தவர். காயத்திலிருந்து வருபவரை நம்பி வேலை கொடுக்க யார் இருக்கிறார் என்பதை அவசியம் பாருங்கள்.

படி 4: ஆளைக் கணக்கிடாதீர்கள், இடத்தைக் கணக்கிடுங்கள்

இந்தப் பதிவை எழுத உட்கார்ந்ததே இந்தப் படிக்காகத்தான்.

புதியவர்கள் ஆண்டின் மொத்தப் புள்ளியைப் பார்க்கிறார்கள். வீரர் ஆடாத வாரத்தில் உங்கள் அணியில் அந்த இடம் காலியாகக் கிடக்காது. வேறொருவரை இறக்குவீர்கள். அவர் சுமாரானவர்தான், வாரம் 8 புள்ளி தருவார் என்று வைத்துக்கொள்வோம். (இந்த 8 என் அனுமானம். 12 பேர் லீக்கில் இது நியாயமான எண். 14 பேர் என்றால் 6 என்று குறையுங்கள்.) ஆக சூத்திரம்: அவர் எடுத்த புள்ளிகள் + அவர் ஆடாத ஆட்டங்கள் × 8.

2022: 8 ஆட்டங்களில் 81.2 புள்ளி. ஆடாத 9-க்கு 72. மொத்தம் 153.
2023: ஒரே ஆட்டம், 11.7 புள்ளி. மீதி 16-க்கு 128. மொத்தம் 140.
2024: 13 ஆட்டங்களில் 191.8, அதாவது ஆட்டத்துக்கு 14.8. மீதி 4-க்கு 32. மொத்தம் 224.

பக்கத்திலேயே 17 ஆட்டமும் தவறாமல் ஆடி ஆட்டத்துக்கு 12 எடுக்கும் ஒருவரை வையுங்கள்: 204. நான்கு ஆட்டம் தவறவிட்ட டாபின்ஸின் இடம் அவரைத் தாண்டிவிடுகிறது! மோசமான 2023-இலும் அந்த இடம் சுழியத்துக்கு விழவில்லை, 140-இல் நிற்கிறது. எனவே உங்கள் கேள்வி "காயப்படுவாரா?" என்பதாக இருக்க வேண்டாம். "140 முதல் 224 வரை எங்கே வேண்டுமானாலும் நிற்கக்கூடிய இந்த இடத்துக்கு நான் என்ன விலை, அதாவது டிராஃப்டின் எந்தச் சுற்றை, கொடுக்கிறேன்?" என்று கேளுங்கள்.

இந்தக் கணக்கில் ஒரு ஓட்டை உண்டு. ஆட்டத்தின் நடுவே அடிபட்டு வெளியேறினால் அந்த வாரம் மாற்று ஆளையும் இறக்க முடியாது. ஆண்டுக்கு ஒன்றிரண்டு முறை இது நடக்கும் என்று 10 புள்ளியைக் கழித்துக்கொள்ளுங்கள்.

படி 5: விலையும் நாளும்

2021-இல் எங்கள் ஆபீஸ் லீக்கின் டிராஃப்ட் ஆகஸ்ட் நடுவில் நடந்தது. டாபின்ஸை மூன்றாம் சுற்றில் எடுத்தேன். இரண்டு வாரத்தில் ஆள் இல்லை. அந்த வலி இன்னும் நினைவிருக்கிறது. அன்றிலிருந்து நான் இரண்டு விஷயங்களை விடுவதில்லை. டிராஃப்டைப் பயிற்சி ஆட்டங்கள் முடிந்த பிறகு வைக்கச் சொல்லிப் போராடுவேன். முதல் நான்கு சுற்றுகளில் காயப் பட்டியல் நீண்ட ஒருவருக்கு மேல் எடுக்க மாட்டேன்.

2024-இல் அதே டாபின்ஸ் பிந்தைய சுற்றுகளில் கிடைத்தார். அக்கிலிஸ் அறுந்த ரன்னிங் பேக் பழைய வேகத்துக்குத் திரும்புவது அபூர்வம் என்று நானும் நம்பினேன், தொடவில்லை. முதல் வாரம் 10 ஓட்டத்தில் 135 யார்டு. இரண்டாம் வாரம் 131. ஒன்பது, பத்தாம் சுற்றுக்குப் பிறகு இழப்பதற்கு ஒன்றுமில்லை. அங்கே இப்படிப்பட்டவரைத் தயங்காமல் எடுங்கள்.

படி 6: அவருக்குப் பின்னால் யார்?

நட்சத்திரம் அடிபட்டால் அவர் வேலையை வாங்கிக்கொள்ளும் ஆளை ஹேண்ட்கஃப் என்பார்கள். 2023-இல் டாபின்ஸ் விழுந்ததும் அதே ரேவன்ஸின் கஸ் எட்வர்ட்ஸ் 810 யார்டும் 13 டச்டவுனும் எடுத்தார். அடுத்த ஆண்டு இருவருமே சார்ஜர்ஸுக்கு வந்தார்கள். டாபின்ஸ் 4 ஆட்டம் இல்லாமல் போயும் எட்வர்ட்ஸ் ஆண்டு முழுக்க 365 யார்டுதான். ஆள் அதே ஆள், பலன் வேறு. அந்த அணி கோல் கோட்டருகே யாரிடம் பந்தைக் கொடுக்கிறது என்று பார்த்த பிறகே பின்னால் இருப்பவருக்கு ஒரு இடம் ஒதுக்குங்கள்.

படி 7: சீசன் நடக்கும்போது

ஐஆர் (காயமடைந்தோர்) பட்டியலில் வைக்கப்பட்டவர் குறைந்தது 4 ஆட்டம் வர முடியாது. உங்கள் லீக்கிலும் ஐஆர் இடம் இருந்தால் அங்கே மாற்றிவிட்டு வேறொருவரைச் சேருங்கள். அவசரப்பட்டு விடுவித்துவிடாதீர்கள். 2022 டிசம்பரில் டாபின்ஸ் திரும்பி வந்து முதல் இரண்டு ஆட்டங்களில் 120, 125 யார்டு ஓடினார். ஃபேண்டஸி பிளேஆஃப், அதாவது நாக்-அவுட் சுற்று, தொடங்குவதை ஒட்டிய வாரங்கள் அவை. நடுவில் விடுவித்தவர்கள் எதிரணியில் அவரைப் பார்த்தார்கள்.

ஞாயிறு ஆட்டத்துக்குப் புதன், வியாழன், வெள்ளி பயிற்சி அறிக்கைகளைப் பாருங்கள். புதன் ஓய்வு பெரிய விஷயமில்லை. வெள்ளியும் பயிற்சி செய்யவில்லை என்றால் மாற்று ஆளைத் தயார் செய்யுங்கள். ஆடாதவர்களின் இறுதிப் பட்டியல் ஆட்டத்துக்கு 90 நிமிடம் முன்பு வரும். கிழக்கு அமெரிக்க நேரம் மதியம் 1 மணி ஆட்டத்துக்கு 11:30-க்கு. சென்னையில் இருப்பவர்களுக்கு இரவு 9, நவம்பரில் கடிகாரம் மாறிய பிறகு 10.

இப்போது நீங்களே ஒரு வரி எழுதிப் பாருங்கள். டாபின்ஸ், 2025, பிராங்கோஸ் அணி, 10 ஆட்டம், 772 யார்டு, 4 டச்டவுன். நவம்பரில் பாதத்தில் காயம். பிடித்த பந்துகளை விட்டுவிட்டு ஓட்டத்தை மட்டும் எடுத்தாலே 101.2. ஆடாத 7-க்கு 56 சேருங்கள். 157. அதற்கு எந்தச் சுற்றைக் கொடுத்திருப்பீர்கள் என்று தாளின் ஓரத்தில் எழுதி வையுங்கள்.