1995 வானலைத் தீர்ப்பு: மேற்கோள் காட்டும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

எஃப்.எம். உரிமம், சமுதாய வானொலி என்று பேச்சு எழுந்தாலே வானலைகள், அதாவது ஒலி, ஒளிபரப்பைச் சுமந்து செல்லும் அலைகள், பொதுச்சொத்து என்று 1995 பிப்ரவரி 9 அன்று உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு வந்துவிடும். வரட்டும், நல்லதுதான். ஆனால் பலரும் அதில் பாதியைத்தான் சொல்கிறார்கள்.

முதலில், அது வானொலி நிலையம் கேட்டுப் போட்ட வழக்கு என்று எழுதாதீர்கள். சண்டை கிரிக்கெட்டுக்காக. 1993 ஹீரோ கோப்பைப் போட்டிகளைப் படம்பிடிக்க வங்காள கிரிக்கெட் சங்கம் ஒரு வெளிநாட்டு நிறுவனத்தை அமர்த்தியது. தூர்தர்ஷன் எதிர்த்தது. படப்பிடிப்புக் கருவிகளைச் சுங்கத் துறை பிடித்து வைத்தது. ஒளிபரப்புக்கு அனுமதி தரும் அதிகாரம் தன்னிடமே என்று காட்ட அரசு பிடித்துக்கொண்டது 1885ஆம் ஆண்டின் தந்திச் சட்டத்தை. வானொலி உரிமமும் அதே சட்டத்தின் கீழ்தான் வந்தது. அதனால்தான் கிரிக்கெட்டில் தொடங்கிய தீர்ப்பு வானொலியையும் தொட்டது.

பெரிய தவறு இன்னொன்று: "வானலைகள் பொதுச்சொத்து" என்பதை "அரசின் சொத்து" என்று படிப்பது. நீதிமன்றம் சொன்னது கிட்டத்தட்ட நேர்மாறானது. வானலைகளைப் பொதுநலனுக்காக ஒழுங்குபடுத்த ஒரு பொது அமைப்பு வேண்டும். அரசின் ஏகபோகம் கூடாது, பணம் படைத்த தனியாரின் ஏகபோகமும் கூடாது. கேட்பவரின் உரிமையும் பேச்சு, கருத்துச் சுதந்திரம் தரும் அரசியல் சாசனத்தின் 19(1)(அ) பிரிவுக்குள் அடங்கும் என்றது. இந்த வரியை விட்டுவிட்டால் தீர்ப்பின் உயிரே போய்விடும்.

அதற்காக, யார் வேண்டுமானாலும் நிலையம் தொடங்கலாம் என்று தீர்ப்பு சொன்னதாகவும் எழுதக் கூடாது. நிலையம் அமைத்து நடத்தும் உரிமை அந்தப் பிரிவில் இல்லை என்று நீதிபதி ஜீவன் ரெட்டி தம் தனித் தீர்ப்பில் தெளிவாகவே எழுதினார்.

தீர்ப்பு வந்ததும் கதவு திறக்கவும் இல்லை. முதல் தனியார் எஃப்.எம். பெங்களூரில் 2001இல்தான் ஒலித்தது. அண்ணா பல்கலைக்கழகத்தின் வளாக வானொலி 2004இல் வந்தது. சமுதாய வானொலி தொடங்கத் தொண்டு நிறுவனங்களுக்கு 2006 வரை வழியே இல்லை.

கடைசியாக, உரிம நிபந்தனையையும் அரசியல் சாசனக் கட்டுப்பாட்டையும் ஒன்றாக்காதீர்கள். தனியார் எஃப்.எம். சொந்தமாகச் செய்தி வாசிக்கக் கூடாது, ஆகாசவாணிச் செய்தியை மாற்றாமல் அப்படியே ஒலிபரப்பலாம் என்பது 2011 கொள்கையின் நிபந்தனை. தனியார் தொலைக்காட்சி நாள் முழுக்கச் செய்தி சொல்லும் நாட்டில் வானொலிக்கு மட்டும் ஏன் இந்தப் பூட்டு? 2013இல் பொதுநல வழக்குகள் தொடுக்கும் காமன் காஸ் அமைப்பு இதை எதிர்த்து உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. பேச்சுரிமையைக் கட்டுப்படுத்த அரசியல் சாசனத்தின் 19(2) பிரிவு அனுமதிக்கும் காரணங்களில் எது இந்தத் தடைக்குப் பொருந்தும் என்பதைத்தான் நாம் விடாமல் கேட்க வேண்டும்.