மண்புரவியில் ஒட்டிய சின்னம் உதிர்கிறதா?

அய்யனாருக்கு நேர்ந்துவிடும் புரவியில் சலங்கை, மணிமாலையோடு வேண்டுதல்காரரின் சொந்த அடையாளத்தையும் ஒட்டுவேன்: தொட்டில், நெற்கதிர், ஏர். எனக்கு அதுதான் புரவியின் உயிர். ஆனால் காயும்போது முதலில் உதிர்வதும் அதுவே. உடல் பாதி காய்ந்திருக்க, ஈரமாக ஒட்டிய சின்னம் கூடுதலாகச் சுருங்கி விளிம்பில் பிளவுவிடும்.

இப்போது, விரல் அழுத்தினால் லேசாகத் தடம் விழும் பதத்தில் இரண்டும் இருக்கும்போதே ஒட்டுகிறேன். ஒட்டும் இரு பரப்பையும் முள்ளால் குறுக்குமறுக்காகக் கீறி, அதே மண்ணைக் குழம்பாகக் கரைத்துத் தடவி, அசைத்து அழுத்த வேண்டும். வெறும் தண்ணீர் பிடிக்காது. சின்னத்துக்கான மண்ணில் 5 பங்குக்கு 1 பங்கு சலித்த மணல் சேர்த்தால் சுருக்கம் குறையும்.

சின்னம் விரல் கனத்துக்கு மேல் போனால் பின்புறத்தைக் குடைந்து ஊசித்துளை விடுங்கள். உள்ளே தங்கிய ஈரம் சூளையில் ஆவியாகி வெடிக்கும். ஒட்டிய இடத்தை ஈரத்துணியால் மூடி, நிழலிலேயே உலர்த்துங்கள்.