எலி மறந்துவிட்டதா, அதற்குக் கண் தெரியவில்லையா?

என் மாமியார் பாலக்கோட்டில் இருந்தபோது, இரவில் கழிப்பறைக்கு என்று எழுந்து சமையலறையில் போய் நிற்பார். மறதி நோய் வந்துவிட்டது என்று வீடே முடிவு கட்டியது. தர்மபுரியில் கண்புரை அறுவை முடிந்த சில நாட்களில் நேராகப் போய் நேராகத் திரும்பினார். எனக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது. மருந்தியல் ஆய்வகத்தில் எலிகளை நீந்தவிட்டு, திணறியவற்றையெல்லாம் ‘மறதி’ என்று குறிப்பேட்டில் எழுதிவந்தவள் நான்.

கிருஷ்ணகிரிப் பக்கம் நான் வேலை செய்யும் கல்லூரியில் ஆண்டுதோறும் எம்.ஃபார்ம். என்னும் மருந்தியல் முதுகலைப் பிள்ளைகள் ஒரு பொட்டலம் இலைப்பொடியோடு வந்து, “மேடம், ஞாபக மறதிக்கு மருந்து” என்பார்கள். அந்த மருந்தை எலியிடம் எப்படிச் சோதிப்பது என்று அவர்களுக்குச் சொல்வதைத்தான் எழுதுகிறேன்.

முதலில் பொட்டலத்தைப் பிரியுங்கள். பிரம்மி என்று கேட்டால் ஒரு கடையில் வல்லாரை கிடைக்கும், அடுத்த கடையில் நீர்ப்பிரம்மி. இரண்டும் வெவ்வேறு குடும்பத்துச் செடிகள். வேரோடு பறித்த செடியைத் தாவரவியலாளரிடம் காட்டிப் பெயரை எழுத்தில் வாங்குங்கள். ஒரு மாதிரியை உலர்த்தி ஒட்டிப் பத்திரப்படுத்துங்கள். நிறுவன விலங்கு நெறிமுறைக் குழுவின் அனுமதி கைக்கு வரும்வரை எலிக் கூண்டைத் திறக்கக் கூடாது. 1960ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் வரும் கட்டாயம் இது. வழிகாட்டி கையெழுத்துப் போட்டால் போதும் என்று நினைக்காதீர்கள்.

அடுத்து, மறதியை எப்படி உண்டாக்குவது? எங்களைப் போன்ற மாவட்டக் கல்லூரிகளுக்குக் கட்டுப்படியாவது ஸ்கோபோலமின் என்னும் மருந்து. எலியின் எடையில் கிலோவுக்கு 1 மில்லிகிராம், வயிற்றறைக்குள் ஊசியாக, சோதனைக்கு அரை மணி நேரம் முன்பு. மூளையில் நரம்புச் செய்தியைக் கடத்தும் அசிட்டைல்கோலின் என்னும் வேதிப்பொருள் வந்து ஒட்டி வேலை செய்யும் மஸ்கரினிக் ஏற்பிகளை அது அடைக்கிறது. சில மணி நேரத்தில் தெளிந்துவிடும். ஆகவே இது அல்சைமர் நோயின் ஒரு மூலையை மட்டுமே காட்டும். மூளையில் அமிலாய்டு என்னும் புரதம் படிவதும் நரம்பணுச் சாவும் இதில் இல்லை. அசிட்டைல்கோலினைக் கூட்டும் எந்தப் பொருளும் இங்கே நல்ல மருந்தாகத்தான் தெரியும். “ஸ்கோபோலமின் தந்த மறதி குறைந்தது” என்று ஆய்வேட்டில் எழுதுங்கள். “அல்சைமருக்கு மருந்து” என்று எழுதி வந்தால் திருப்பி அனுப்பிவிடுவேன்.

பெரிய ஆய்வகங்களில் மரபணு மாற்றிய சுண்டெலிகள் இருக்கின்றன. ஐந்து மரபுப் பிறழ்வுகளைச் சுமக்கும் 5எக்ஸ்எஃப்ஏடி வகையில் இரண்டு மாத வயதிலேயே அமிலாய்டு படியத் தொடங்குகிறது. ஆனால் அந்தச் சுண்டெலிகள் சிலவற்றின் பரம்பரையில் விழித்திரையைச் சிதைக்கும் மரபணுவும் கலந்திருக்கிறது. தாய், தந்தை இரண்டிடமிருந்தும் அது வந்து சேர்ந்தால் குருடாகிவிடும். சோதித்துப் பார்க்காமல் நீந்தவிட்டால் பாலக்கோட்டுக் கதைதான்.

ஆறு குழு வைக்கச் சொல்வேன். மருந்தில்லாத கரைசல் மட்டும் பெறும் நலமான எலிகள், ஸ்கோபோலமினோடு அதே கரைசல், ஸ்கோபோலமினோடு டோனெபெசில் (அல்சைமர் நோய்க்கு ஏற்கனவே தரப்படும் மருந்து), ஸ்கோபோலமினோடு உங்கள் செடியின் சாறு இரண்டு அளவுகளில், கடைசியாக, நலமான எலிக்குச் சாறு மட்டும். இந்தக் கடைசிக் குழுவைத்தான் எல்லோரும் செலவு என்று வெட்டுகிறார்கள். சாறு எலியைச் சுறுசுறுப்பாக்கி வேகமாக நீந்த வைக்கிறதா, நினைவைக் காக்கிறதா என்று வேறு எப்படிப் பிரிப்பது?

அளவைக் கண்மதிப்பில் போடாதீர்கள். மனிதருக்குக் கிலோவுக்கு இத்தனை மில்லிகிராம் என்பதை 6.2ஆல் பெருக்கினால் எலிக்கான அளவு தோராயமாக வரும். 60 கிலோ மனிதர் 300 மில்லிகிராம் உண்டால் கிலோவுக்கு 5, எலிக்கு 31, 200 கிராம் எலிக்கு 6.2 மில்லிகிராம். எலி ஒரு புல்லுக்கட்டையே தின்றதுபோல் அளவைப் போடும் ஆய்வேடுகளை நான் பார்த்திருக்கிறேன்.

இனி எலியை நீந்தவிட்டு நினைவைச் சோதிக்கும் தொட்டி. ரிச்சர்டு மோரிஸ் 1981இல் வெளியிட்ட முறை இது. நாங்கள் 150 சென்டிமீட்டர் விட்டத்தில் ஒரு வட்டத் தொட்டி செய்து உள்ளே கறுப்புச் சாயம் பூசினோம். வெள்ளை எலி கேமராவில் பளிச்சென்று தெரியும். நீர்மட்டத்துக்கு ஒன்றிரண்டு சென்டிமீட்டர் கீழே, கண்ணுக்குத் தெரியாதபடி ஒரு மேடை. பால்பொடி கலந்து நீரைக் கலக்கலாம் என்று புத்தகங்கள் சொல்லும். எங்கள் ஊர் வெயிலில் மறுநாள் காலை புளித்து நாறிவிடும். விஷமில்லாத சாயமே மேல்.

நீரின் வெப்பத்தை 25 டிகிரியை ஒட்டி வையுங்கள். மாங்கூழ் ஆலைகள் ஓடும் மே மாதத்தில் மொட்டைமாடித் தொட்டித் தண்ணீரைத் திறந்தால் களி கிண்டலாம். வெதுவெதுப்பான நீரில் எலி தப்பிக்க நினைக்காது, சுகமாக மிதக்கும். நிலத்தடித் தொட்டி நீரை எடுங்கள், ஐஸ் கட்டி வாங்கிப் போடுங்கள், ஒவ்வொரு சுற்றுக்கு முன்பும் வெப்பமானியைப் பாருங்கள்.

சோதனைக்கு முந்தைய வாரமே எலியைத் தினமும் கையில் எடுத்துப் பழக்கிவிடுங்கள். பிறகு ஐந்து நாள், நாளுக்கு நான்கு முறை, நான்கு திசைகளிலிருந்தும் மாற்றி மாற்றி, முகம் சுவரைப் பார்க்கும்படி விடுங்கள். 90 நொடியில் மேடையைக் காணாவிட்டால் கையால் வழிகாட்டி, மேடைமேல் 15 நொடி நிற்கவிடுங்கள். அந்த நேரத்தில்தான் அது அறையைச் சுற்றிப் பார்த்து இடத்தைக் கணக்குப் போடுகிறது. துடைத்து, கதகதப்பில் வைத்துவிட்டே கூண்டுக்கு அனுப்ப வேண்டும்.

அறையைப் பார்க்கிறது என்றேன். ஒருமுறை டிசம்பர் கடைசியில் சோதனை தொடங்கி, நான்கு நாள் பிரமாதமாகக் கற்ற எலிகள் ஜனவரி முதல் தேதி தொட்டியில் திக்குத் தெரியாமல் சுற்றின. மருந்து கைவிட்டது என்று மாணவி அழ ஆரம்பித்துவிட்டாள். பார்த்தால், சுவரிலிருந்த நகைக்கடைக் காலண்டரை யாரோ கழற்றிப் புதியதை வேறு சுவரில் மாட்டியிருக்கிறார்கள்! எலிகளுக்கு அதுதான் கலங்கரை விளக்கம். வட்டம், முக்கோணம் என்று பெரிய அடையாளங்களை நீங்களே ஒட்டுங்கள். நீங்கள் நிற்கும் இடத்தையும் மாற்றாதீர்கள், நீங்களும் அதற்கு ஓர் அடையாளம்தான்.

ஆறாம் நாள் மேடையை எடுத்துவிட்டு 60 நொடி நீந்தவிடுங்கள். தொட்டியை நான்காகப் பிரித்தால், மேடை இருந்த கால்பகுதியில் தற்செயலாகவே 25 விழுக்காடு நேரம் போகும். நினைவிருக்கும் எலி அதற்குமேல் அங்கே சுற்றும். ஸ்கோபோலமினைப் பயிற்சி நாட்களில் கொடுத்தால் கற்பதைக் கெடுக்கிறீர்கள், இந்த நாளில் மட்டும் கொடுத்தால் நினைவுகூர்வதைக் கெடுக்கிறீர்கள். எதைச் சோதிக்கிறோம் என்று முன்பே எழுதிவையுங்கள்.

அதன்பின் மாமியார் சோதனை. மேடையை நீருக்குமேல் உயர்த்தி, ஒரு சின்னக் கொடி நட்டுவிடுங்கள். இதையும் காணாத எலியின் கணக்கு நினைவுக் கணக்கில் சேராது. நீந்தும் வேகத்தையும், சுவரோரமாகவே ஒட்டிப் போகிறதா என்பதையும் குறியுங்கள்; ஒட்டிப் போவது பயம். ஆய்வகங்களில் வளர்க்கும் விஸ்டார் என்னும் வெள்ளை எலி வகைக்கு இயல்பிலேயே பார்வை மந்தம் என்பதையும் மறக்க வேண்டாம்.

நீச்சல் எலியைப் படுத்தும் வேலை. ஒய் வடிவப் பாதைச் சோதனை வைத்திருந்தால் அதை முன்னால் முடித்துவிடுங்கள். மூன்று கைகளுக்குள்ளும் அடுத்தடுத்து நுழைவது ஒரு சுழற்சி. அந்தச் சுழற்சிகளின் எண்ணிக்கையை, மொத்த நுழைவில் இரண்டு கழித்து வருவதால் வகுங்கள். 22 நுழைவு, 13 சுழற்சி என்றால் 65 விழுக்காடு.

எந்த எலிக்கு எந்த மருந்து என்பதைச் சீட்டுக் குலுக்கிப் போட்டு, குப்பிகளில் குறியீடு மட்டும் எழுத வையுங்கள். கடிகாரம் பிடிப்பவருக்கு அது தெரியவே கூடாது. தெரிந்தால் கட்டைவிரல் அரை நொடி முன்னால் அழுத்திவிடும், என்னுடையதும் அழுத்தியிருக்கிறது. பத்து எலி, நாளுக்கு நான்கு முறை, ஐந்து நாள் என்றால் 200 நீச்சல், ஆனால் புள்ளியியல் கணக்கில் எண்ணிக்கை பத்துதான். நீக்கிய எலியையும் செத்த எலியையும் காரணத்தோடு எழுதுங்கள். வித்தியாசம் இல்லை என்று வந்தால் அதையும் எழுதுங்கள்.

தொட்டியை அன்றைக்கே வடித்துக் கவிழ்த்துவிடுங்கள். போன மழைக்காலத்தில் கொசுப்புழு பார்க்க வந்தவரிடம் இது எலிக்கு என்று புரியவைக்க எனக்கு அரை நாள் ஆனது.