சிக்கு கோலம் சிக்காமல் இருக்க: வெக்டரில் நோட் இணைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிக்கு கோலத்தை வினைல் ஸ்டிக்கராக வெட்டிப் பார்த்தவர்களுக்கு இந்த அனுபவம் இருக்கும். திரையில் கோடு ஒரே இழையாக ஓடும். மெஷினில் வெட்டி, ஓரத்தைப் பிடித்து மெல்ல உரித்தால் கோலம் துண்டு துண்டாகக் கையோடு வரும். ஒரு வளைவு முடிந்து அடுத்தது தொடங்குகிற இடத்திலெல்லாம் பட்டையின் குறுக்கே ஒரு வெட்டு. பிளேடை மாற்றிப் பயனில்லை. கோப்பில் நோட்கள், அதாவது வளைவுகளின் முனைப்புள்ளிகள், ஒன்றின் மேல் ஒன்று உட்கார்ந்திருக்கின்றன, இணையவில்லை.

கோலத்தை யாரும் கணினியில் ஒரே மூச்சில் வரைவதில்லை. ஒரு புள்ளியைச் சுற்றி வரும் கால்வட்டத்தை வரைந்து, நகலெடுத்து, சுழற்றி, ஸ்னாப் வைத்து (முனையை அருகில் உள்ள முனைக்குத் தானாக இழுத்துப் பொருத்தும் வசதி) ஒட்டிக்கொண்டே போவோம். ஸ்னாப் செய்வது இரண்டு முனைகளையும் ஒரே இடத்தில் வைப்பது மட்டும்தான். அங்கே இன்னும் இரண்டு நோட்கள் இருக்கின்றன, கண்ணுக்கு ஒன்றாகத் தெரிகின்றன. எவ்வளவு பெரிதாக்கிப் பார்த்தாலும் வித்தியாசம் தெரியாது. இன்க்ஸ்கேப் என்ற வெக்டர் வரைகலை மென்பொருளில் இதைக் கண்டுபிடிக்க எளிய வழி: இரண்டு வளைவுகளையும் தேர்ந்தெடுத்துக்கொண்டு நோட் கருவியை எடுத்து, அந்த இடத்தைச் சுற்றி மவுஸை இழுத்துச் சின்னக் கட்டம் போடுங்கள். எத்தனை நோட் தேர்வானது என்று கீழே உள்ள நிலைப்பட்டை சொல்லும். ஒன்று என்றால் இணைந்திருக்கிறது. இரண்டு என்றால் இல்லை. கிளிக் செய்து பார்ப்பதுதான் பலர் செய்யும் தவறு. கிளிக் மேலே இருக்கும் நோட்டை மட்டுமே பிடிக்கும், அடியில் இருப்பது தெரியவே தெரியாது.

அடுத்த தவறு, வெவ்வேறு பாத்தில் (வரைந்த கோட்டைத்தான் பாத் என்கிறோம்) இருக்கும் முனைகளை அப்படியே இணைக்கப் பார்ப்பது. இரண்டு வளைவுகளையும் முதலில் கம்பைன் செய்து ஒரே பாத் ஆக்க வேண்டும். அப்புறம்தான் முனைகளைத் தேர்ந்தெடுத்து, நோட்களை இணைக்கும் ஷிப்ட் + ஜே. குரூப் போட்டால் போதும் என்று நினைக்காதீர்கள். குரூப் என்பது ஒரே பையில் போடுவது, நூலை முடிவது வேறு வேலை. வடிவங்களை ஒன்றாக்கும் யூனியன் கட்டளையும் இங்கே உதவாது. அது உள்ளே நிரப்பிய வடிவங்களுக்கானது. திறந்த வளைவுக்கு யூனியன் கொடுத்தால், இரு முனைகளுக்கும் நடுவே நேர்கோடு இருப்பதாக அதுவே எடுத்துக்கொண்டு மூடிவிடும். கோலக் கோடு இருந்த இடத்தில் பிறைத்துண்டு கிடைக்கும்.

கோரல்டிரா என்ற இன்னொரு வரைகலை மென்பொருளில் கை பழகிவிட்டு இன்க்ஸ்கேப்புக்கு வருபவர்கள் இங்கே ரொம்பவே கவனமாக இருக்க வேண்டும். கோரலில் கண்ட்ரோல் + எல் கம்பைன், கண்ட்ரோல் + கே பிரேக் அபார்ட், அதாவது தனித்தனியாகப் பிரிப்பது. இன்க்ஸ்கேப்பில் கண்ட்ரோல் + கே தான் கம்பைன். கண்ட்ரோல் + எல் அழுத்தினால் சிம்ப்ளிஃபை ஆகிவிடும், அதாவது நோட்களைக் குறைத்து வடிவத்தையே கொஞ்சம் மாற்றிவிடும். அடுத்தடுத்து வேகமாக அழுத்தினால் ஒவ்வொரு முறையும் இன்னும் பலமாகக் குறைக்கும். முனைகள் சேரவில்லையே என்று நாலு தடவை அழுத்தியவரின் கோலம் மழையில் நனைந்த மாக்கோலம் போல ஆகிவிடும்.

இப்போது சிக்கு கோலத்துக்கே உரிய பெரிய தவறுக்கு வருகிறேன். இரண்டு இழைகள் குறுக்கே கடக்கும் இடத்தை நினைத்துப் பாருங்கள். உங்கள் துண்டுகள் சரியாக அந்தக் குறுக்கில் முடிகின்றன என்றால், ஒரே இடத்தில் நான்கு முனைகள் இருக்கும். எல்லாவற்றையும் கம்பைன் செய்து, எல்லா நோட்களையும் தேர்ந்தெடுத்து ஷிப்ட் + ஜே அழுத்தினால், மென்பொருள் ஒவ்வொரு முனைக்கும் கிட்டத்தில் இருக்கும் இன்னொரு முனையை ஜோடி சேர்க்கும். நான்கும் ஒரே தூரத்தில் இருக்கும்போது எது எதோடு சேர வேண்டும் என்று அதற்கு எப்படித் தெரியும்? நேராகக் கடந்து போக வேண்டிய இழை மடங்கித் திரும்பிவிடும். திரையில் ஒன்றும் மாறியிருக்காது. கோலத்தின் ஒற்றை இழை மட்டும் உள்ளே அறுந்து, தனித்தனிச் சுழிகளாகியிருக்கும். வாசலில் போடும்போது கம்பி எந்தப் பக்கம் போகும் என்று கைக்குத் தெரியும். இங்கே அதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். குறுக்கில் மட்டும் ஒன்றின் தொடர்ச்சியாக வரும் இரண்டு வளைவுகளை எடுத்து, கம்பைன் செய்து, இணைத்து, அதன் பிறகு அடுத்ததை எடுங்கள். இன்னும் நல்லது, துண்டு குறுக்கில் முடியாமல் வளைவின் நடுவில் முடியும்படி முதலிலேயே வரைவது. அப்போது எந்த இடத்திலும் இரண்டு முனைகள்தான் சந்திக்கும்.

ஜோடியில்லாத முனை ஒன்று எங்கோ விடுபட்டிருந்தாலும் மொத்தமாக இணைப்பது ஆபத்து. அது எதிர்ப்பக்கத்து முனையைக்கூட இழுத்துக்கொள்ளும்.

முனைகளுக்கு நடுவே சின்ன இடைவெளி இருந்தால், இணைத்த நோட் இரண்டுக்கும் நடுவில் போய் உட்காரும். அதனால் இரண்டு வளைவும் கொஞ்சம் கோணும். ஒரு முனை அசையவே கூடாது என்றால், மவுஸை அதன் மேல் வைத்துக்கொண்டு ஷிப்ட் + ஜே அழுத்துங்கள். அந்த நோட் இருந்த இடத்திலேயே நிற்கும். இணைத்த பிறகு அந்த இடத்தில் முறிவு தெரிந்தால் ஷிப்ட் + எஸ் கொடுத்து வழவழப்பாக்கலாம். தாமரை இதழின் நுனிக்கு மட்டும் இதைச் செய்யாதீர்கள், அங்கே கூர்மைதான் அழகு.

புதிய கோடு போட்டு இணைக்கும் பொத்தானும் பக்கத்திலேயே இருக்கிறது. ஒன்றின் மேல் ஒன்று இருக்கும் முனைகளுக்கு அதை அழுத்தினால், நீளமே இல்லாத ஒரு கோடு நடுவில் முளைத்து, இரண்டு நோட்களும் அப்படியே இருக்கும்.

கண்ட்ரோல் + டி நகலை அசலின் மேலேயே வைக்கும் என்பதையும் மறக்க வேண்டாம். நகர்த்த மறந்த வளைவு ஒன்று அடியில் கிடந்தால், இணைப்பு போன வழியே திரும்பி வரும்.

எல்லாம் முடிந்ததும், ஸ்ட்ரோக்கை (கோட்டின் தடிமனை) வெட்டுவதற்காகப் பாத் ஆக மாற்றுவதற்கு முன்பே ஒரு சோதனை. கோலத்தைத் தேர்ந்தெடுத்து கண்ட்ரோல் + ஷிப்ட் + கே (இன்க்ஸ்கேப்பின் பிரேக் அபார்ட்) அழுத்துங்கள். எத்தனை பொருளாகப் பிரிந்தது என்று நிலைப்பட்டையில் பாருங்கள். தாளில் விரல் வைத்து ஓட்டிப் பார்த்தபோது ஒரே இழை என்றால் இங்கேயும் ஒன்றுதான் வர வேண்டும். ஏழு வந்தால் கண்ட்ரோல் + இசட் கொடுத்துத் திரும்பி வந்து, குறுக்குகளை ஒவ்வொன்றாகப் பாருங்கள்.