பாதி படுக்கை, பாதி கார்: வேகன்ஆரில் இரவு தூங்குவது எப்படி

சின்ன காரில் படுக்கை போட நினைக்கிறவர்கள் பெரும்பாலும் டிக்கியிலிருந்து டேஷ்போர்டு வரை மெத்தையாக்கிவிடப் பார்ப்பார்கள். வீடியோவில் பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. தனியாகப் போகிறவருக்கு அது வேண்டாம் என்பது என் கட்சி. இடது பக்கம் படுக்கை, வலது பக்கம் கார். டிரைவர் சீட் காலியாக இருக்க வேண்டும், சாவி எப்போதும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும். ராத்திரி ஒரு மணிக்கு எவனாவது குடித்துவிட்டு வந்து கண்ணாடியைத் தட்டினால், கதவைத் திறந்து இறங்காமல் அப்படியே உள்ளுக்குள் நகர்ந்து உட்கார்ந்து வண்டியை எடுத்துவிட முடிய வேண்டும். அது முடியாது என்று மனதின் ஓரத்தில் தெரிந்துவிட்டால் எவ்வளவு நல்ல மெத்தையிலும் தூக்கம் பிடிக்காது.

நான் சொல்வது 2019இல் வந்த மூன்றாம் தலைமுறை வேகன்ஆரை வைத்து. நீளம் 3,655 மி.மீ., அகலம் 1,620, உயரம் 1,675. உயரம்தான் இதில் விஷயம், படுக்கை மேலே ஏறிய பிறகும் கொஞ்சம் குனிந்தாவது உட்கார்ந்து சட்டை மாற்றலாம், ஸ்விஃப்டில் அது நடக்காது. உங்களுடையது சி.என்.ஜி. வண்டி என்றால் டிக்கியில் சிலிண்டர் உட்கார்ந்திருக்கும், கீழே சொல்லும் பலகை வேலை அதில் சரிப்பட்டு வராது.

முன் சீட்டைச் சாய்த்துப் போட்டே தூங்கினால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. ஒரு மணி நேரக் குட்டித் தூக்கத்துக்குச் சரி. முழு இரவுக்கு வேண்டாம். கால் கீழே தொங்கியபடி அசையாமல் பல மணி நேரம் கிடந்தால் காலின் உள்ளே ஆழத்தில் இருக்கும் ரத்தக் குழாய்களில் ரத்தம் உறையலாம், அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. 2016இல் ஜப்பானின் குமாமோட்டோவில் நிலநடுக்கம் வந்தபோது வீட்டுக்குள் போகப் பயந்து கார்களிலேயே தூங்கியவர்களில் பலருக்கு இதுதான் நடந்தது. அதனால் முதல் வேலை, உடம்பு முழுக்க ஒரே மட்டத்தில் நீள்வதற்கு இடம் செய்வது.

இடது முன் சீட்டை முன்னால் கடைசி வரை தள்ளுங்கள், ஹெட்ரெஸ்ட் கழற்ற வந்தால் கழற்றிவிட்டு முதுகுப் பக்கத்தையும் எவ்வளவு முன்னால் சாயுமோ அவ்வளவு சாய்த்துவிடுங்கள். பின் சீட்டை மடியுங்கள். சில வேரியன்ட்டில்தான் அது இரண்டு துண்டாக மடியும், மற்றதில் முழுசாகத்தான் மடக்க வேண்டும், பரவாயில்லை. இப்போது இரண்டு குறை தெரியும். மடித்த சீட்டைவிட டிக்கியின் தரை பல அங்குலம் தாழ்ந்திருக்கும். பின் சீட்டுக்காரர் கால் வைக்கும் இடம் ஒரு பள்ளமாக நிற்கும். இந்த இரண்டையும் மெத்தையால் மூட முடியாது, துணியையும் பையையும் அமுக்கிச் சமன் செய்தால் விடிவதற்குள் நடுவில் அமுங்கி இடுப்பு பள்ளத்தில் கிடக்கும். பலகைதான் வழி.

12 மி.மீ. பிளைவுட் போதும். இரண்டடி அகலத்தில் மூன்று துண்டு, நடுவில் கீல், மடித்தால் டிக்கிக்குள் அடங்க வேண்டும். டிக்கிப் பக்கத்துத் துண்டுக்கு அடியில், மடித்த சீட்டின் உயரத்துக்குச் சமமாக நான்கு கால். அந்தக் காலுக்கு நடுவில் கிடைக்கும் இடம்தான் உங்கள் அலமாரி, பை எல்லாம் அங்கே போகும். பள்ளத்துக்கு மேலே வரும் துண்டுக்குக் கட்டாயம் கால் வேண்டும், தரையில் ஊன்றி நிற்கிற மாதிரி, ஏனென்றால் உங்கள் எடை விழுவது அங்கேதான். விளிம்பை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிடுங்கள், இல்லாவிட்டால் சீட் துணி கிழியும். நீளத்தை மட்டும் உங்கள் வண்டியில் நீங்களே அளக்க வேண்டும். ஐந்தரை அடிக்கு மேல் வளர்ந்தவருக்கு நேர் நீளம் போதாமல் இருக்கலாம், அப்போது தலையை டிக்கியின் இடது மூலையிலும் காலை இரண்டு முன் சீட்டுக்கும் நடுவிலும் வைத்துக் கோணலாகப் படுத்தால் இன்னும் கொஞ்சம் நீளம் கிடைக்கும்.

ஒன்று முக்கியம்: எதையும் துளையிடாதீர்கள், வெல்டிங் வைக்காதீர்கள், சீட்டைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு ஊர் சுற்றாதீர்கள். மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆம் பிரிவு, ஆர்.சி.யில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது, சீட் எண்ணிக்கையும் அந்த விவரத்தில் ஒன்று. எடுத்து உள்ளே வைத்து, எடுத்து வெளியே போடும் பலகைக்கு இந்தத் தலைவலி இல்லை.

மெத்தைக்கு வருவோம். காற்றடைக்கும் மெத்தையை எனக்குப் பிடிக்காது, திரும்பிப் படுத்தால் கிறீச்சிடும், விடியற்காலையில் தளர்ந்துவிடும். மூன்று அங்குலக் கெட்டி ஃபோமைப் பலகை அளவுக்கு வெட்டி, மூன்று துண்டாகவே உறை தைத்துக்கொள்ளலாம். அதைவிட எனக்குப் பிடித்தது இலவம் பஞ்சு மெத்தை. போடி, தேனி பக்கம் சொன்ன அளவுக்கு அடித்துத் தருவார்கள், ஃபோம் மாதிரி முதுகைச் சூடாக்காது. ஈரம் பட்டால் கட்டி தட்டும், வெயிலில் காயப்போட்டால் மறுபடி உப்பிவிடும். மேலே ஒரு கோரைப் பாய் விரித்துவிட்டால் வியர்வை ஒட்டாது. போர்வை எடுக்க மறந்தாலும் தலையணையை மறக்காதீர்கள், வீட்டில் தினமும் வைத்துக்கொள்ளும் அதே தலையணை.

காற்றுதான் அடுத்த பெரிய விஷயம். கண்ணாடியை முழுக்க ஏற்றிவிட்டுப் படுத்தால் மூச்சிலிருந்து வரும் ஈரமெல்லாம் கண்ணாடியில் படிந்து, அதிகாலையில் சொட்டும். முன் இடது கண்ணாடியையும் பின் வலது கண்ணாடியையும் இரண்டு விரல் அளவு இறக்குங்கள், காற்று குறுக்கே ஓடும். கண்ணாடிக்கு மேலே மழைத்தடுப்பு வைத்திருந்தால் தூறலிலும் மூட வேண்டாம். கொசுவுக்கு, கதவின் மேலிருந்து உறை மாதிரி மாட்டும் வலை கிடைக்கிறது, கதவை மூடித் திறக்கவும் அது தடையில்லை. கொசுவத்தியை மட்டும் உள்ளே கொளுத்தாதீர்கள்.

ஏ.சி.யைப் போட்டு இன்ஜினை ஓடவிட்டுத் தூங்குவது கூடவே கூடாது. புகைக்குழாயில் சின்னக் கசிவு இருந்தாலோ, சுவரை ஒட்டி நிறுத்தியிருந்தாலோ கார்பன் மோனாக்சைடு உள்ளே வரும், அதற்கு வாசனையும் கிடையாது நிறமும் கிடையாது, இருமல்கூட வராது. 2024 டிசம்பரில் கேரளத்தின் வடகரையில் நிறுத்தியிருந்த கேரவனுக்குள் இரண்டு பேர் இறந்து கிடந்தார்கள், காரணம் ஜெனரேட்டரிலிருந்து உள்ளே புகுந்த இதே வாயுதான். கேஸ் அடுப்பும் வெளியே மட்டும்தான்.

ஏ.சி.க்குப் பதில் ஒரு யு.எஸ்.பி. ஃபேன். 20,000 எம்.ஏ.எச். பவர் பேங்கில் உள்ளது சுமார் 74 வாட்-மணி, வீணாவது போக அறுபது என்று வைத்தாலும் மூன்று, நான்கு வாட் ஃபேன் விடிய விடிய ஓடும். கார் பேட்டரியில் கை வைக்க வேண்டாம். படுக்கும் முன் உள்விளக்கு அணைந்திருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள்.

ஆனால் ஃபேன் வெப்பத்தைக் குறைக்காது, மே மாதத்தில் வேலூரிலோ மதுரையிலோ காரில் தூங்கப் பார்ப்பது தண்டனை. ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறு டிகிரிக்கு மேல் குறையும். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர், சேலத்தில் 27 இருக்கும் இரவில் மேலே 20க்கும் கீழே இருக்கும், ஃபேன்கூடத் தேவைப்படாது. ஏலகிரி, கொல்லிமலையும் சரி. ஊட்டி, கொடைக்கானல் போவதென்றால் 2024 மே முதல் இ-பாஸ் வேண்டும், டிசம்பர், ஜனவரியில் கம்பளி இரண்டு வேண்டும்.

எங்கே நிறுத்துவது? நெடுஞ்சாலை ஓரம் வேண்டவே வேண்டாம், நிற்கும் வண்டியின் பின்னால் லாரி வந்து மோதுவது நம் ஊரில் அடிக்கடி நடப்பது. கழிவறை உள்ள பெரிய பெட்ரோல் பங்க்கில், மேனேஜரிடம் கேட்டுவிட்டு, லாரிகள் வந்து திரும்பும் பக்கத்தை விட்டு ஓரமாக நிறுத்தலாம். மலையில் ஹோம்ஸ்டே முற்றத்தில் கொஞ்சம் காசு கொடுத்தால் இடமும் பாத்ரூமும் கிடைக்கும், பேசிப் பார்த்தால் பெரும்பாலும் சம்மதிப்பார்கள். கோயில் ஊர்களின் கட்டண பார்க்கிங்கும் மோசமில்லை, காலை நான்கு மணிக்கு ஸ்பீக்கர் எழுப்பிவிடும் என்பதைத் தவிர. காட்டுச் சாலையில் எங்கேயும் நிறுத்தாதீர்கள், உள்ளே வாழைப்பழம் இருந்தால் யானைக்குத் தெரியும். பந்திப்பூர் சாலை இரவு 9 முதல் காலை 6 வரை எப்படியும் மூடியிருக்கும்.

நிறுத்திய இடம் மட்டமாக இல்லையென்றால் தலைப்பக்கம் மேடாக இருக்கும்படி வண்டியைத் திருப்புங்கள், ஹேண்ட்பிரேக்கோடு கியரிலும் போட்டு, டயருக்குக் கல்லும் வையுங்கள். கண்ணாடி மறைப்புக்கு, அலுமினியத் தாள் ஒட்டிய ஃபோம் ஷீட்டை ஜன்னல் வடிவில் வெட்டி, உள்பக்கம் கறுப்புத் துணி ஒட்டி அழுத்திச் செருகினால் போதும். கறுப்பு பிலிம் ஒட்டிப் போலீஸிடம் மாட்ட வேண்டாம். கிளம்பும்போது எல்லா மறைப்பையும் எடுத்துவிட்டு, பலகையை மடித்து பெல்ட் போட்டுக் கட்டுங்கள், சடன் பிரேக் பிடித்தால் பிளைவுட் நேராக உங்கள் பிடரிக்குத்தான் வரும். ஓடும் வண்டியில் யாரையும் அதில் படுக்க வைக்காதீர்கள்.

இரண்டு பேர் தூங்க முடியுமா என்றால், முடியும், டிரைவர் சீட்டையும் முன்னால் தள்ளிவிட்டு முழு அகலத்துக்குப் பலகை போட வேண்டும், ஒருவர் திரும்பினால் மற்றவரும் திரும்ப வேண்டும். அதற்கு மாருதி ஈகோ வேனே வாங்கிக்கொள்ளலாம்.